பேரரசி முதலாம் ஹோசே

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது நம் வழக்கம். கொடுகொட்டி, பாண்டரங்கம், அல்லியம், மல், துடி, குடை, குடம், பேடு, மரக்கால், பாவை, கடையம். எதை எவர் ஆடினார், எதற்காக ஆடினார் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்வர். எட்டாவதாக வரும் பேடு என்பது, வாணாசுரனின் நகரில் சிறைப்பட்டுக் கிடந்த தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பெண்கோலம் பூண்டு ஆடியது. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. அதற்கு மேல் அந்த ஆடலைப் பற்றி நாம் பல ஆண்டுகள் ஒன்றும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஓர் அமெரிக்கரின் கதை. சான் பிரான்சிஸ்கோவில் பணிபுரியும் நம் பழைய மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு வந்தபோது ஒரு நூலைக் கொடுத்துச் சென்றாள். மைக்கேல் கார்மன் என்பவர் எழுதி 1998இல் வெளிவந்த ஹோசே சாரியாவின் வாழ்க்கை வரலாறு அது. 'பேரரசி ஓர் ஆண்' என்பது அதன் தலைப்பின் பொருள். "நான் புத்தகம் எடுக்கும் நூலகத்தின் முகவரியே இவர் பெயரில்தான் இருக்கிறது ஐயா" என்றாள். பெண்வேடமிட்டு மதுக்கடையில் பாடிய ஒருவரின் பெயரை ஒரு மாநகராட்சி தன் நூலகத் தெருவுக்கு வைத்திருக்கிறதே என்ற வியப்பில்தான் படிக்கத் தொடங்கினோம். படித்து முடித்தபோது வியப்பு போய், நம் சொந்தக் கணக்கு ஒன்று தீர்க்கப்படாமல் கிடப்பது நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

*

ஹோசே சாரியா 1922 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தாய் கொலம்பியாவிலிருந்து வந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். வேலைக்கு நடுவே குழந்தையை வளர்க்க இயலாமல் ஞானப்பெற்றோரிடம் ஒப்படைத்திருந்தார். வீட்டில் ஸ்பானிய மொழி, வெளியில் ஆங்கிலம், கூடவே முறையான குரற்பயிற்சி என்று சிறுவன் வளர்ந்தான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் படையில் சேர்ந்தார். ஐந்தடியை எட்டாத உயரம். அதையும் தாண்டி எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார். 1947இல் ஸ்டாஃப் சார்ஜென்ட் நிலையில் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார்.

அவருடைய ஆசை ஆசிரியராவது. அதற்காகவே கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விடுதியில் காவல்துறையினர் நடத்திய சோதனையில் ஒழுக்கக்கேட்டு வழக்கில் கைதானார். அந்நாளில் ஓரினச்சேர்க்கையாளர்களைப் பொறிவைத்துப் பிடிப்பது காவல்துறையின் அன்றாட வேலைகளுள் ஒன்று. தண்டத்தொகை கட்டி வெளியே வந்துவிட்டார். ஆயினும் அத்தகைய தண்டனை பெற்றவருக்கு ஆசிரியர் உரிமம் கிடைக்காது. வகுப்பறைக் கதவு அவருக்கு அடைபட்டது அங்கேதான்.

ஆசிரியப் பணியில் இருக்கும் நமக்கு இந்த இடத்தை எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. அவர் எத்தகைய ஆசிரியராக இருந்திருப்பார் என்பதைப் பின்னால் நடந்தவற்றிலிருந்து ஊகிக்கலாம். வகுப்பறை கிடைக்காதவர் ஒரு மதுக்கடையையே வகுப்பறையாக்கினார்.

மாண்ட்கோமரி தெருவில் பிளாக் கேட் என்றொரு மதுக்கடை இருந்தது. ஓவியர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் பீட் தலைமுறை எழுத்தாளர்களும் வந்துபோன இடம். ஓரினச்சேர்க்கையாளர்கள் கூடுகிறார்கள் என்பதற்காக அதன் உரிமத்தைப் பறிக்க அரசு முயன்றபோது, உரிமையாளர் வழக்காடினார். அத்தகையோர் ஓரிடத்தில் கூடுவது மட்டுமே உரிமத்தை முடக்கப் போதிய காரணமாகாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. அந்தக் கடையில்தான் சாரியா பரிசாரகராக வேலைக்கமர்ந்தார். தட்டை ஏந்திக்கொண்டே ஒருநாள் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். கூட்டம் சேர்ந்தது. மெல்ல மெல்லப் பாட்டே தொழிலாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் அவர் நடத்திய இசைநாடகப் பகடிகள் ஊர்ப் பேச்சாயின. பிஸேயின் 'கார்மென்' புகழ்பெற்ற இசைநாடகம். சாரியாவின் கார்மென் ஸ்பெயின் நாட்டுப் பெண்ணல்லள். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கப் புதர்களுக்கிடையே காவலர்களுக்குப் பயந்து ஒளிந்து திரிபவள். சிவப்புப் பாவாடையும் காதணியும் அணிந்து, எல்லாப் பாத்திரங்களையும் தாமே பாடி நடிப்பார். மேடை என்று தனியே ஒன்றில்லை, மேசைகளே மேடை. நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு, எந்தப் பூங்காவில் இந்த வாரம் கைது நடக்கிறது, சாதாரண உடையில் காவலர் வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் பார்வையாளர்களுக்குச் சொல்வார். நம் கூத்தில் கட்டியங்காரன் பாரதக் கதையை நிறுத்திவிட்டு ஊர்த் தலைவரை இடித்துரைப்பதில்லையா, அதுபோல.

அவர் அங்கே சொன்னவற்றுள் முதன்மையானது ஒற்றுமை. சேர்ந்து நின்றால் நிற்போம், பிரிந்தால் ஒவ்வொருவராகப் பிடித்துப் போவார்கள் என்பது அவருடைய வாக்கின் சாரம். நிகழ்ச்சி முடியும்போது அனைவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கைகோக்கச் செய்து, இங்கிலாந்து அரசியாரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டில் தம்மவர்க்கான ஒரு வாழ்த்துப் பாட்டைப் பாட வைப்பார். சில இரவுகளில் கூட்டத்தோடு வெளியே சென்று, அருகிலிருந்த சிறையில் அன்று அடைக்கப்பட்டவர்களின் காதில் விழும்படி அப்பாட்டைத் தெருவில் நின்று பாடியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் தன் பெயர் நாளை செய்தித்தாளில் வரும், வேலை போகும், வீட்டார் முகத்தில் விழிக்க முடியாது என்று நடுங்கிக் கிடப்பவன். அவனுக்கு வெளியிலிருந்து வந்த பாட்டு என்னவாக இருந்திருக்கும்! பெண்கோலம் பூண்ட ஒருவர் சிறைவாசலில் நிற்கும் இந்தக் காட்சியைப் படித்தபோதுதான் கடலாடு காதை நமக்கு நினைவுக்கு வந்தது. கரும்பலகையின் எட்டாவது வரி முதன்முறையாக உயிர்பெற்றது.

*

பாட்டோடு அவர் நிற்கவில்லை. கைதானவர்கள் அவமானத்துக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டுப் போவதே வழக்கமாக இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், நடுவர் குழு விசாரணை கேளுங்கள் என்று சாரியா ஒவ்வொருவரிடமும் வற்புறுத்தினார். வழக்குகள் குவிந்தன. குவிந்த வழக்குகளைக் கண்ட நீதிபதிகள் ஆதாரம் எங்கே என்று காவல்துறையைக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஹாலோவீன் திருநாளன்று ஆண் பெண்ணுடை அணிந்து திரிய அந்நகரில் தடையில்லை. நள்ளிரவு மணி அடித்ததும் திருநாள் முடிந்தது என்று சொல்லி, வாசலில் காத்திருந்த காவலர்கள் பெண்வேடமிட்டோரை அள்ளிச் செல்வார்கள். ஏமாற்றும் நோக்கத்துடன் வேடமிடுவது குற்றம் என்பது சட்டம். சாரியா அதற்கொரு மருந்து கண்டார். கரும்பூனைத் தலை வடிவில் சிறு அட்டைகள் வெட்டி, 'நான் ஓர் ஆண்பிள்ளை' என்று எழுதி, வேடமிட்டோர் எல்லாருடைய உடையிலும் குத்திவிட்டார். நான் ஆண்தான் என்று நெஞ்சில் எழுதி ஒட்டியிருப்பவன் யாரை ஏமாற்றுகிறான்? சட்டத்தின் சொல்லைக் கொண்டே சட்டத்தின் வாயை அடைத்த இந்த உத்தியைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

1961இல் அவர் சான் பிரான்சிஸ்கோ மேற்பார்வையாளர் அவைக்கு, அதாவது நம்மூர் மாநகராட்சி மன்றம் போன்றதற்கு, போட்டியிட்டார். தம் பாலீர்ப்பை மறைக்காமல் அமெரிக்காவில் பொதுப்பதவிக்குப் போட்டியிட்ட முதல் மனிதர் அவரே. முன்மொழிய 25 கையொப்பங்கள் வேண்டும். கடைக்கு வருவோர் நூற்றுக்கணக்கானோர். கையொப்பமிட முன்வந்தோர் சிலரே. பெயர் வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சம். எப்படியோ சேர்த்தார். மனுத் தாக்கலின் கடைசி நாளில், ஐந்து இடங்களுக்குப் போதிய வேட்பாளர்கள் இல்லை, இவர் வென்றுவிடக்கூடும் என்பது தெரிந்ததும் பெரியவர்கள் பதறிப்போய் ஆள் திரட்டினார்கள். 30க்கும் மேற்பட்டோர் களத்தில் இறங்கினர். சாரியா தோற்றார். ஆனால் ஏறத்தாழ 6,000 வாக்குகள் பெற்றிருந்தார். அதன்பின் அந்நகரத்து அரசியல்வாதிகள் அம்மக்களின் வாக்குகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கினர். 16 ஆண்டுகள் கழித்து, 1977இல் ஹார்வி மில்க் அதே அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிளாக் கேட் நெடுநாள் நிலைக்கவில்லை. 1963 ஹாலோவீனுக்கு முந்தைய நாள் அதன் மது உரிமம் பறிக்கப்பட்டது. திருநாளன்று மதுவின்றி, சிற்றுண்டியும் குளிர்பானமும் விற்றுக் கொண்டாடினார்கள். அடுத்த சில மாதங்களில் கடை மூடப்பட்டது.

*

இனி அறப்பணி. இங்கேதான் அவருடைய கற்பனை முழுவீச்சில் வெளிப்பட்டது என்று கருதுகிறோம்.

1960களின் நடுவில், மதுக்கடையாளர் சங்கம் நடத்திய ஆண்டு நடன விழாவில் சாரியாவை 'ராணி' என்று முடிசூட்டினார்கள். ராணி என்பது பெண்மைத்தன்மையுள்ள ஆணைக் குறிக்கும் வசைச்சொல்லும் கூட. ராணியாகத்தான் நான் ஏற்கெனவே இருக்கிறேனே, இனி நான் பேரரசி என்று அறிவித்துவிட்டார் சாரியா. 'சான் பிரான்சிஸ்கோவின் பேரரசி முதலாம் ஹோசே, நார்ட்டனின் கைம்பெண்' என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம்.

யார் இந்த நார்ட்டன்? ஜோஷுவா நார்ட்டன் 19ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த வணிகர். அரிசி வணிகத்தில் பொருளனைத்தும் இழந்தவர். 1859இல் தம்மை அமெரிக்காவின் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். ஊர் அவரை அடித்து விரட்டவில்லை. அவர் அச்சிட்ட பணத்தாள்களைக் கடைக்காரர்கள் சிலர் வாங்கிக்கொண்டார்கள். அவருடைய ஆணைகளைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. 1880இல் இறந்தார். அவர் இறந்து 42 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் தம்மை அவருடைய கைம்பெண் என்று சொல்லிக்கொண்டார்! வேடிக்கைதான். ஆனால் பித்தர் என்று ஒதுக்காமல் ஒருவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்ட நகரத்தின் நினைவைத் தம் மக்களுக்காக உரிமை கோரினார் என்றும் இதைப் படிக்கலாம்.

பேரரசி இருந்தால் அரசவை வேண்டுமல்லவா? 1965ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'இம்பீரியல் கோர்ட்' என்ற அமைப்பு வளர்ந்தது. இன்று அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இத்தகைய அரசவைகள் உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுதோறும் ஒரு பேரரசரையும் பேரரசியையும் தேர்ந்தெடுப்பார்கள். கோமகன், கோமகள் என்று பட்டங்கள் வழங்குவார்கள். மணிமுடியும் நெடிய அங்கியும் மின்னும் போலி மணிகளுமாக ஓராண்டு 'ஆட்சி' நடக்கும். ஆட்சியின் ஒரே கடமை, பணம் திரட்டிப் பிறருக்குக் கொடுப்பது. பெண்வேடக் கலைஞர் மதுக்கடையில் ஆடிப் பாடுவார். பார்ப்பவர்கள் டாலர் தாள்களைக் கையில் கொடுப்பார்கள். அந்தத் தாள்கள் அறக்கணக்குக்குப் போகும். உடையும் ஒப்பனையும் பெரும்பாலும் கலைஞரின் சொந்தச் செலவு. பகலில் அவர் கடையில் வேலை செய்பவராகவோ முடிதிருத்துபவராகவோ அலுவலக எழுத்தராகவோ இருப்பார்.

1981இல் எய்ட்ஸ் நோயின் முதல் அறிக்கைகள் வெளிவந்தன. சான் பிரான்சிஸ்கோ கடுமையாக அடிபட்ட நகரங்களுள் ஒன்று. பெற்ற பிள்ளையின் உடலைக் கூட வாங்க மறுத்த குடும்பங்கள் இருந்தன. உயிர்காக்கும் கூட்டு மருந்துகள் வந்துசேர 1996 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளியின் வாடகைக்கும் உணவுக்கும் சில வேளை ஈமச் சடங்குக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பகுதி, ஊர் ஏளனம் செய்த இந்த வேடக்காரர்கள் திரட்டியதுதான். உறவுகள் கைவிட்ட இடத்தில், போலி மணிமுடி அணிந்தவர்கள் உண்மையான அரசர் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். புறநானூற்றுப் புரவலரைப் பாடம் சொல்லும் நமக்கு இதைக் கொடை என்று சொல்லத் தயக்கமில்லை.

சாரியா 42 ஆண்டுகள் அப்பட்டத்தைத் தாங்கி, 2007இல் அடுத்தவரிடம் ஒப்படைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் காஸ்ட்ரோ பகுதித் தெருவின் ஒரு கூறுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நம் மாணவி புத்தகம் எடுக்கும் நூலகத்தின் முகவரி, எண் 1, ஹோசே சாரியா கோர்ட். 2013 ஆகஸ்ட் 19 அன்று அவர் மறைந்தார். கிரேஸ் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. கோல்மா நகரின் இடுகாட்டில், பேரரசர் நார்ட்டனின் கல்லறைக்கு அருகே கைம்பெண் அடக்கம் செய்யப்பட்டார்.

*

நம் கணக்கைச் சொல்லும் இடம் வந்துவிட்டது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நாம் பணியில் சேர்ந்த தொடக்கத்தில், கூத்துக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் நம் துறையில் படித்தார். கல்லூரிக் கலைவிழாவில் திரௌபதி வேடம் கட்டி ஆடினார். துகிலுரியும் கட்டத்தில் அரங்கு வாயடைத்து நின்றது. முதல் பரிசும் கொடுத்தார்கள். மறுநாள் விடுதிச் சுவரில் அவரைப் பற்றி எழுதப்பட்டிருந்ததை இங்கே எழுத முடியாது. எழுதியவர்களை எவரும் தேடவில்லை. விடுதியின் ஒழுங்கு கெடுகிறது என்று கூறி அவரையே விசாரணைக்கு அழைத்தார்கள். இனிக் கல்லூரி வளாகத்தில் பெண்வேடம் போடமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அந்த அறையில் துறையின் சார்பில் உட்கார்ந்திருந்தவர் நாம். அதே வாரம் வகுப்பில் பேடாடல் நடத்தியிருந்தோம். மணிமேகலையில் தாடியும் பூங்குழலுமாகத் தெருவில் ஆடும் பேடிக்கூத்தை ஊரே நின்று பார்க்கும் காட்சியையும் விளக்கியிருந்தோம். அதில் ஒரு சொல்லைக்கூட அந்த அறையில் நாம் சொல்லவில்லை. பணி நிரந்தரமாகாத காலம். சாட்சிக் கையொப்பம் இடச் சொன்னார்கள், இட்டோம். இரண்டு மாதத்தில் அவர் படிப்பை விட்டுப் போனார்.

இருபத்தைந்து கையொப்பத்துக்கு சாரியா அலைந்ததைப் படித்தபோது நம் கையொப்பம் நமக்கு நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு பங்குனியில், வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூர்த் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு அவருடைய குழு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். இரவு பத்து மணிக்கு மேல் முகவீணை எழுந்தது. திரௌபதி அவர்தான். உடல் சற்றுக் கனத்திருந்தது. குரல் முன்னைவிட ஆழம். கூட்டத்தோடு கூட்டமாக ஐந்நூறு ரூபாய் மொய் கொடுத்தோம். கட்டியங்காரன் நம் பெயரையும் கல்லூரிப் பெயரையும் உரக்கச் சொல்லி வாழ்த்தினார். திரௌபதி நாம் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடவைத் தொடர்ந்தாள்.

விடிந்தபின், அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு அவரே தேடி வந்தார்.

"வாங்க ஐயா. ராத்திரி முழுக்க உக்காந்திருந்தீங்களே, டீ குடிச்சீங்களா?"

டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து பேசினோம். ஊர், குழந்தைகள், மழை, கூத்துக்குக் கிடைக்கும் கூலி. கடைசியில் அந்தக் கையொப்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். அவர் கண்ணாடிக் குவளையைப் பார்த்தபடியே, "அதெல்லாம் எதுக்குங்க ஐயா இப்ப" என்றார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மறந்ததாகவும் சொல்லவில்லை. கடைக்காரரிடம் இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்தார். நம்மைக் கொடுக்க விடவில்லை.

இந்தப் பருவத்தில் கடலாடு காதை மீண்டும் வந்தது. எட்டாவது ஆடலுக்கு ஒரு முழு வகுப்பு எடுத்துக்கொண்டோம். சாரியாவைப் பற்றியும் சொன்னோம். நம் கையொப்பத்தைப் பற்றியும் சொன்னோம். மணி அடித்த பிறகும் சற்று நேரம் எவரும் எழவில்லை. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவர் மட்டும், "அந்த அண்ணன் அடுத்து எந்த ஊர்ல ஆடுறாருங்க ஐயா?" என்று கேட்டார். ஊரையும் நாளையும் கரும்பலகையில் எழுதினோம்.